ஆணியில் தொங்கிய முட்டை அட்டை

போன மாதம் எங்கள் பழைய அலுவலகத்தில் பெரிய திரை ஒன்று மாட்டியிருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் பார்க்கப் போனேன். நாமக்கல்லில் பரமத்தி ரோட்டில் இருக்கும் முட்டை லாரி அலுவலகம் அது. முப்பத்தொரு வருடம் அங்கே வேலை பார்த்துவிட்டுத்தான் ஓய்வு பெற்றேன். திரையில் லாரிகள் எல்லாம் சின்னச் சின்னப் புள்ளிகளாக ஊர்கின்றன. சரக்கோடு போனால் பச்சை, காலியாக வந்தால் சிவப்பு. எந்த வண்டி எவ்வளவு புகை விட்டது என்று பக்கத்திலேயே ஓர் எண் ஓடிக்கொண்டிருக்கிறது. கடல் கடந்து முட்டை வாங்குகிறவர்கள் இப்போது அந்தக் கணக்கையும் கேட்கிறார்களாம்.

திரையைப் பார்த்துக்கொள்ளும் திவ்யா என்ற பெண் எனக்கு நாற்காலி போட்டு, டீயும் வரவழைத்துக் கொடுத்தாள். பிறகு சாதாரணமாகக் கேட்டாள். "ஐயா, உங்க காலத்துல புகையப் பத்தியெல்லாம் ஆராச்சும் நெனச்சுப் பாத்தாங்களாங்க?"

எனக்குச் சுருக்கென்றது. இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு, தாங்கள் பிறந்த பிறகுதான் ஊரில் விவரம் பிறந்தது என்று ஒரு நினைப்பு. "எங்க காலத்துல திரை இல்ல கண்ணு. ஆணி இருந்துச்சு" என்றேன். அவளுக்குப் புரியவில்லை. சொல்லத் தொடங்கினேன். பாதியில் நிறுத்தி, "இதைய எழுதிக் குடுங்கய்யா, புதுசா வேலைக்கு வர்றவங்களுக்குப் படிக்கக் குடுக்கறேன்" என்றாள். கேட்டவள் மரியாதையாகக் கேட்டாள். எழுதிவிட்டேன்.

நான் இராசிபுரத்து நெசவுக் குடும்பத்தில் பிறந்தவன். தறியில் உட்கார எனக்குப் பொறுமை கிடையாது. அப்பா ஒரு வருடம் பார்த்துவிட்டு, "இவன் நெய்யற துணி எவனுக்கும் ஆவாது" என்று நாமக்கல்லுக்கு பஸ் ஏற்றிவிட்டார். முதல் இரண்டு வருடம் லாரியின் மேலே ஏறி முட்டைப் பெட்டி அடுக்கினேன், கயிறு கட்டினேன், அட்டை எண்ணினேன். முப்பது முட்டை கொள்ளும் குழி அட்டை, எல்லோர் வீட்டுக்கும் வருமே, அதுதான். நான் போட்ட முடிச்சைப் பார்த்து டிரைவர்கள், "தறிக்காரன் முடிச்சுடா, அவுக்கறதுக்குள்ள முட்டையில குஞ்சு வந்துரும்" என்று சிரிப்பார்கள். சிரித்தாலும் என் முடிச்சு வழியில் அவிழ்ந்ததாக ஒரு நாளும் சேதி வந்ததில்லை. அதைக் கவனித்துத்தான் சரசக்கா என்னை உள்ளே கூப்பிட்டு மேசை ஒன்று கொடுத்தார்.

சரசக்காவைப் பற்றி எழுதத்தான் உண்மையில் பேனாவை எடுத்தேன். எந்த வண்டி எந்த ஊருக்கு எந்தச் சரக்கோடு போக வேண்டும், திரும்பும்போது எதை ஏற்றி வர வேண்டும் என்று முடிவு செய்கிறவர் அவர். லாரித் தொழிலில் பெண்கள் இருந்தால் பெரும்பாலும் பில் எழுதுவார்கள். இவர் வண்டியையே நடத்தினார். ஸ்டியரிங்கை ஒரு நாளும் தொட்டதில்லை. ஆனால் தொப்பூர் கணவாயில் எந்த வளைவில் எந்த கியர் போட வேண்டும் என்று அவர் சொன்னால் இருபது வருட டிரைவரும் தலையாட்டுவான். யாரையும் சத்தம் போட்டுத் திட்டி நான் பார்த்ததில்லை. தப்பு செய்தவனை "சரிங்க சாமி" என்று மட்டும் சொல்லி ஒரு பார்வை பார்ப்பார். அதற்குப் பதில் நாலு அடியே வாங்கியிருக்கலாம்.

வண்டி கிளம்பும் முன் அவர் பார்க்கும் பார்வைக்கு ஒரு வரிசை உண்டு. முதலில் டயர். காற்றுக் குறைந்த டயர் டீசலைக் குடிக்கும் என்பார். அடுத்து தார்ப்பாய். நாலு பக்கமும் நடந்து, உள்ளங்கையால் தட்டுவார். எங்காவது தொளதொளவென்று இருந்தால் அவிழ்த்துக் கட்ட வேண்டியதுதான். "பாயி காத்துல பொடச்சுக்கிட்டா வண்டிய பின்னால இழுக்குமுங்க. அப்பறம் இஞ்சின் முட்டையவா இழுக்கும், பாயத்தான் இழுக்கும்" என்பார். டீக்குடிக்கப் போகும் டிரைவர் இஞ்சினை ஓடவிட்டுப் போனால், இவரே போய்ச் சாவியைத் திருப்பி அணைத்துவிட்டு, சாவியைத் தன் மேசையில் வைத்துக்கொள்வார். கேட்டு வாங்கிக்கொண்டு போவதற்குள் அவனுக்குக் குடித்த டீ இறங்கிவிடும்.

எல்லாவற்றுக்கும் மேலே அந்த ஆணிகள். சுவரில் ஒரு பலகை, பலகையில் மூன்று ஆணி. வண்டிகளுக்கு வழி சொல்கிறவர்கள் அப்போது மூன்று பேர்: முதலாளியின் மச்சினர், நான், சரசக்கா. நாங்கள் அனுப்பிய வண்டி எதையும் ஏற்றாமல் காலியாகத் திரும்பினால், எங்கள் ஆணியில் ஒரு காலி முட்டை அட்டையை மாட்டிவிடுவார். "காத்து லோடு ஏத்திக்கிட்டு வந்தாச்சுங்களா?" என்று டிரைவரிடம் விசாரித்துக்கொண்டேதான் மாட்டுவார். மாதம் பிறந்தால் கழற்றுவார். முதலாளியின் மச்சினர் ஆணியில் எப்போதும் நாலைந்து தொங்கும். அவருக்கு அதில் சொரணையே இல்லை. என் ஆணியில் ஒன்றிரண்டு. சரசக்காவின் ஆணி வருடக் கணக்கில் வெறும் ஆணியாகவே இருந்தது.

காலி வண்டி வந்தால் டீசலும் போச்சு, புகைதான் மிச்சம். புகைக்கு எண் போட எங்களுக்குத் தெரியாது. ஆனால் அது வீண் புகை என்று எங்கள் சுவருக்குத் தெரியும்.

அவர் எப்படி யோசிப்பார் என்பதற்கு ஒன்று சொல்கிறேன். ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு ஓமலூரில் பஸ்ஸுக்கு நின்றிருக்கிறார். பெங்களூர் பக்கம் முட்டை இறக்கிவிட்டுக் காலியாக வந்த எங்கள் வண்டி ரோட்டுக்கு இந்தப் பக்கம். நாமக்கல் தீவன மில்லுக்கு மக்காச்சோளம் கொண்டுவந்து இறக்கிவிட்டுக் காலியாக வடக்கே போகும் மில் வண்டி அந்தப் பக்கம். இரண்டு டிரைவரும் ஒரே ஊர்க்காரர்கள். வண்டியை நிறுத்தி, ஊர்க் கோயில் நோம்பி பற்றி நிதானமாகப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். மறுநாள் அக்கா எங்களிடம் சொன்னார்: "ஒரே ஊரு, ஒரே ரோடு. ஒருத்தன் காத்தக் கொண்டாரான், ஒருத்தன் காத்தக் கொண்டு போறான். இதுல நோம்பிக் கதை வேற."

முட்டை இங்கே பிறக்கிறது என்பதால் உள்ளூர்ச் சரக்கு என்று நாங்கள் பெருமையடித்துக்கொள்வோம். அக்கா அதையும் விடமாட்டார். "கோழி ஊட்டுலதானுங்க இருக்குது. அது திங்கற மக்காச்சோளம் கர்நாடகாவுல தாவணகெரேயிலருந்து வருது, சோயா அதுக்கும் அங்கிட்டிருந்து வருது. பக்கத்துத் தெருவுல வாங்கித் திங்கற முட்டையும் ஊரு சுத்துன முட்டதான்" என்பார். முட்டை கொண்டு போகும் வண்டியிலேயே மக்காச்சோளம் திரும்பி வர வேண்டும் என்பது அவருடைய எண்ணம்.

தீவன மில்காரர் ஒப்புக்கொள்ளவில்லை. "உங்க வண்டி நாலு சந்தை சுத்தி வருது அம்மிணி. அதுல நோவு ஒட்டிக்கிட்டு வந்து, என்ற தீவனத்துல ஏறி, ஊருக் கோழிக்கெல்லாம் தொத்திக்கிச்சுன்னா ஆரு பதில் சொல்றது?" என்றார். நியாயமான பயம்தான். இங்கே கோழிக்கு நோய் என்றால் ஊரே வாய் பொத்திக்கொள்ளும். அக்கா வாதாடவில்லை. "என்ன பண்ணுனா உங்களுக்கு மனசு ஒப்புமுங்க?" என்று மட்டும் கேட்டார்.

அதிலிருந்து பிறந்ததுதான் எங்கள் அலுவலகத்து முறை. எந்தச் சரக்கு இறங்கினாலும் வண்டித் தளத்தைத் தேய்த்துக் கழுவ வேண்டும். மருந்து தெளிக்க வேண்டும். உச்சிப்பொழுது வரை வெயிலில் திறந்து போட வேண்டும். அதன் பிறகு வெள்ளைத் துண்டால் தளப் பலகையைத் துடைத்துப் பார்க்க வேண்டும். முதல் முறை மில்காரர் தன் தோளில் கிடந்த துண்டையே எடுத்துத் துடைத்தார். துண்டு வெள்ளையாகவே இருந்தது. அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "ஏத்திக்கங்க" என்றார். அன்றிலிருந்து வடக்கே போகும் எங்கள் வண்டிகள் காலியாகத் திரும்பவில்லை. அதே மக்காச்சோளத்துக்காக ஓடிய மில் வண்டிகளில் பாதி ஓடாமல் நின்றன. ஒரு பெண்மணி பஸ்ஸுக்கு நின்ற நேரத்தில் பார்த்த பார்வை, எத்தனை லாரிப் புகையைக் குறைத்திருக்கும்! எனக்கு இன்றைக்கும் அதை நினைத்தால் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது.

இனி என் வண்டவாளத்தையும் சொல்லிவிட வேண்டும்.

செல்போன் வந்த புதிது. பங்குனி வெயில் தீயாகக் காய்ந்த ஒரு வாரம். தங்கை மகள் கல்யாணத்துக்காக அக்கா மூன்று நாள் திருச்செங்கோடு போனார். போகும்போது, "எல்லா வண்டியும் உன்ற பொறுப்பு, சம்முவம். நான் வாரப்ப உன்ற ஆணி சுத்தமா இருக்கோணும், ஆமா" என்றார். கேலியாகத்தான் சொன்னார். நான் அதைச் சாமி வாக்காகப் பிடித்துக்கொண்டேன்.

முதல் நாளே சோதனை வந்தது. பழனியண்ணன் என்ற டிரைவர் கொச்சிப் பக்கம் முட்டை இறக்கிவிட்டுக் கூப்பிட்டார். வழக்கமாகத் திரும்பும்போது ஏற்றும் தேங்காய்ப் புண்ணாக்கு இல்லையாம், ஆலையில் வேலை நிறுத்தமாம். காலியாக வரட்டுமா என்றார். எனக்கு ஆணிதான் கண்ணில் வந்தது. இருங்கள் என்று சொல்லிவிட்டு, பத்துப் பேருக்குப் போன் போட்டு, நம் தீவன மில்லுக்கே ஒரு லோடு கருவாடு பிடித்துவிட்டேன். கோழித் தீவனத்தில் கருவாட்டுத் தூள் சேர்ப்பார்கள். அன்று முழுக்க எனக்குத் தரையில் கால் பாவவில்லை. அக்காவே இருந்திருந்தாலும் இதைவிட என்ன செய்திருப்பார் என்று நினைத்தேன்.

மறுநாள் காலை வண்டி வந்து கருவாடு இறங்கியது. கழுவினோம், மருந்து தெளித்தோம். நானே துண்டை எடுத்துத் துடைத்தேன். பளிச்சென்று வெள்ளை. அதற்குள் பாலக்காட்டுக்குப் போக வேண்டிய முட்டை வந்து நிற்கிறது. அந்த வெயிலில் முட்டையைக் காக்க வைக்க முடியாது. உச்சி வரை காயப்போட நேரமில்லை. துண்டுதான் வெள்ளையாக இருக்கிறதே என்று ஏற்றச் சொல்லிவிட்டேன். "லேசா வாடை அடிக்குதே தம்பி" என்றார் பழனியண்ணன். "ஓட்டுக்குள்ள இருக்கற முட்டைக்கு வாடை எப்பிடிண்ணா ஏறும்?" என்றேன். முட்டையோடு அத்தனை வருடம் புழங்கிய எவனும் கேட்கக் கூடாத கேள்வி. முட்டை ஓடு கண்ணுக்குத்தான் மூடி. வாடைக்கு அது சல்லடை.

அடுத்த நாள் காலை எட்டு மணிக்கு பாலக்காட்டு மொத்த வியாபாரி மாதவேட்டன் போன் செய்தார். "சண்முகம், நீங்க அனுப்பினது முட்டையா மீனா?" என்றார். ஒன்றை உடைத்துப் பொரித்திருக்கிறார். கடை முழுக்கக் கருவாட்டு மணம். ஒரு முட்டையும் வேண்டாம், லாரியைத் திருப்பி எடுத்துக்கொள்ளுங்கள் என்றார்.

முதலாளி பக்கத்தில்தான் நின்றிருந்தார். "அங்கியே எங்காச்சும் ஒரு குழியப் பாத்துக் கொட்டிப்போட்டு வரச் சொல்லு. வேற வண்டியில வேற லோடு அனுப்பு. அனுப்பிப்போட்டு நீ ஊட்டுக்குப் போயிரு, சம்முவம்" என்றார். எந்த வீட்டுக்கு, எத்தனை நாளைக்கு என்று அவர் சொல்லவில்லை. எனக்கு விளங்கிவிட்டது. அப்பாவின் முகமும் தறியும் கண்முன் வந்து நின்றன.

யாரோ அக்காவுக்குச் சொல்லிவிட்டார்கள். ஒன்பதரைக்கெல்லாம் பட்டுச் சேலையும் தலையில் பூவுமாகக் கல்யாண வீட்டிலிருந்து நேரே வந்து இறங்கினார். யார் செய்தது என்று கேட்கவில்லை. "முட்ட இப்ப வெயில்ல நிக்குதா, நெழல்ல நிக்குதா?" என்றார். வெயிலில் என்றதும் பழனியண்ணனுக்குப் போன் போட்டு வண்டியை மரத்தடிக்கு நகர்த்தச் சொன்னார். பிறகு முதலாளியிடம் திரும்பினார்.

"கொட்டறதுன்னா என்னங்க அர்த்தம்? மக்காச்சோளம் அத்தன தூரத்துலருந்து வந்துச்சு. கோழி தின்னுபோட்டு முட்ட வெச்சுது. அதைய இங்கிருந்து மல தாண்டிக் கொண்டு போயிருக்கறோம். அத்தன டீசலையும் எரிச்சது ஒரு குழிக்குங்களா? தூரமாப் போறது தப்பில்லீங்க. போய்ச் சேந்ததைய ஒருத்தரும் திங்காமப் போறதுதான் பெரிய தப்பு."

"நாறுதாமா அம்மிணி" என்றார் முதலாளி.

"எல்லாமுமாங்க நாறுது? ஒரு முட்டையத்தான ஒடச்சுப் பாத்திருக்கறாங்க."

அது யாருக்கும் தோன்றவில்லை. அக்கா என்னைப் பார்த்தார். "பாலக்காட்டுக்கு பஸ் இருக்குதில்ல சாமி? அதுல போ. இதுக்குன்னு இன்னொரு வண்டி கெளம்பக் கூடாது. அடி வரிசையில ஆரம்பிச்சு, வரிசைக்கு ஒண்ணா ஒட. மாதவேட்டன் மூக்குக்கு முன்னால ஒட. எந்த வரிசையில நாத்தம் நிக்குதுன்னு பாத்துப்போட்டு எனக்குப் பேசு."

கோயமுத்தூர் போய் பஸ் மாறி, மூன்றரை மணிக்குப் போய்ச் சேர்ந்தேன். மாதவேட்டன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "உங்க மூக்கே சொல்லட்டுங்க" என்றேன். அதற்கு மட்டும் வந்து நின்றார். பலகையை ஒட்டிய வரிசையில் ஒன்றை உடைத்தேன். சந்தேகமே இல்லை, கருவாடு. இரண்டாவது, மூன்றாவது, நான்காவது வரிசையும் அப்படியே. ஐந்தாவதில் லேசாக. ஆறாவது முட்டையை உடைத்ததும் மாதவேட்டன் கிண்ணத்தை வாங்கி மூக்கருகே வெகுநேரம் வைத்திருந்தார். "இது முட்டை" என்றார். மேலே இருந்த அத்தனை வரிசையும் முட்டையாகவே இருந்தது. அவரே ஆள் வைத்து இறக்கிக்கொண்டார்.

கீழே உள்ள ஐந்து வரிசையை என்ன செய்வது என்று அக்காவுக்குப் போன் போட்டேன். "அந்தப் பக்கம் மீன் குஞ்சு வளக்கறவங்க இருப்பாங்க, விசாரி. குஞ்சுக்கு முட்டைய அவிச்சுக் கரைச்சு ஊத்துவாங்க. மேட்டூருல பாத்திருக்கறேன். மீன் நாத்தத்த மீனா வேண்டாங்கப் போவுது?" என்றார். இரண்டு மைலில் ஒரு மீன் பண்ணை இருந்தது. பண்ணைக்காரர் மோந்து பார்த்துவிட்டு, சிரிப்பை அடக்க முடியாமல் வாங்கிக்கொண்டார். இருட்டுவதற்குள் வண்டி காலி. ஒரு முட்டைகூடக் குழிக்குப் போகவில்லை. நான் உடைத்துப் பார்த்ததைக்கூட மாதவேட்டன் கடை ஆட்கள் ஆம்லெட் போட்டுவிட்டார்கள், நல்லதை மட்டும்; நாறியது மீனுக்குப் போனது.

மறுநாள் காலை கிளம்பும் நேரத்தில்தான் எனக்கு உண்மையான பரீட்சை வந்தது. கரூருக்கு நேந்திரங்காய் லோடு ஒன்று இருப்பதாக ஒரு தரகர் வந்தார். "ஏத்திக்கலாம் தம்பி. உன்ற ஆணியும் தப்பிச்சுக்கும்" என்றார் பழனியண்ணன். ஏறிப் போய்ப் பலகையில் மூக்கை வைத்துப் பார்த்தேன். இன்னும் கருவாடுதான். ஆசைக்கும் மூக்குக்கும் நடுவில் கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு, "வேண்டாங்கண்ணா. பாயச் சுருட்டுங்க. பலகைக்குக் காத்தும் வெயிலும் படட்டும், அப்படியே போலாம்" என்றேன். தார்ப்பாய் இல்லாமல், மொட்டை வண்டியாக ஊர் வந்து சேர்ந்தோம். தெரிந்தே நான் ஏற்றிவந்த முதல் காத்து லோடு.

அதற்கு மறுநாள் எல்லோருக்கும் முன்னால் அலுவலகத்துக்குப் போனேன். போகச் சொன்னார்களா வரச் சொன்னார்களா என்றே தெரியாது. காலி அட்டை ஒன்றை எடுத்து என் ஆணியில் நானே மாட்டிவிட்டு, அதன் கீழே நின்றேன்.

அக்கா வந்தார். நேந்திரங்காயை வேண்டாம் என்றது வரைக்கும் ஒன்று விடாமல் கேட்டார். பிறகு எழுந்து போய் என் ஆணியிலிருந்து அட்டையைக் கழற்றினார். மன்னித்துவிட்டார் என்று நினைத்தேன். அவர் அதைக் கொண்டுபோய், அத்தனை வருடமாக வெறும் ஆணியாக இருந்த தன் ஆணியில் மாட்டினார்.

"அக்கா, அது என்ற அட்டைங்க" என்றேன்.

"இல்ல சாமி. காத்து வந்துருமோ காத்து வந்துருமோன்னு உன்னையப் பயமுறுத்துனது நானு. வெள்ளைத் துண்டச் சொல்லிக் குடுத்தேன். மூக்கச் சொல்லிக் குடுக்கல" என்றார்.

அன்றிலிருந்து எங்கள் முறையில் மூக்கும் சேர்ந்தது. துண்டால் துடைத்து, அந்தத் துண்டை மோந்தும் பார்க்க வேண்டும். திவ்யாவிடம் இதைச் சொன்னபோது, சிவப்புப் புள்ளியைத் தட்டினால் காரணம் எழுத இடம் வைக்கிறேன் என்றாள். வைத்தால் நல்லது. திரைக்கு மூக்கு கிடையாது.

அன்று பத்து மணிக்கு முதலாளி வந்தார். என்னைப் பார்த்ததும் புருவம் ஏறியது. ஏதோ சொல்ல வாயெடுத்தவர் பலகையைப் பார்த்துவிட்டு நின்றுவிட்டார்.

"ஏனுங்க அம்மிணி, உங்க ஆணியில அட்டை தொங்குது?"

"ஆமாங்க. என்ற அட்டைதானுங்க" என்றார் அக்கா, போனிலிருந்து தலையைத் தூக்காமலே.

முதலாளி என்னைப் பார்த்தார், அட்டையைப் பார்த்தார், உள்ளே போய்விட்டார். அந்த மாதம் முழுக்க அலுவலகத்துக்கு வந்த ஒவ்வொரு டிரைவரும் அதே கேள்வியைக் கேட்டான். ஒவ்வொருவனிடமும் அக்கா அதே பதிலைச் சொன்னார். நான் என் மேசையில் உட்கார்ந்து வண்டிகளுக்கு வழி சொல்லிக்கொண்டிருந்தேன்.